பதில் வருவதற்குள்

கேள்வி கேட்டாகிவிட்டது. தலைமை மிஸ் கனகவல்லி மேடம் படத்தைத் தேஜஸ்வினியின் பக்கமாகத் திருப்பி வைத்து, “இந்தப் படத்துல என்ன நடக்குது, சொல்லு பாப்பா” என்று கேட்டு, நாற்காலியில் சாய்ந்தும் விட்டார். இனி அவள் அப்பா வரதராசு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். சும்மா இருப்பது. ஒன்று, ரெண்டு, மூணு. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க சார், பத்து ஆன பிறகும் வாயைத் திறக்காதீங்க, திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க என்று திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷமீமா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவகிட்டப் பதில் இருக்கு சார், அது வந்து சேர நேரமாகுது, அதுக்குள்ள நீங்க குறுக்க விழுந்து அள்ளிட்டுப் போயிருதீங்க. சரி, விழவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். கையைக் கட்டினால்தான் அவனுக்கு வாய் கட்டுப்படும். நாலு. மேஜைக் கண்ணாடிக்கு மேலே படம், படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள். தாளில் எல்லாம் டைப் அடித்தாயிற்று, கையெழுத்துக்கு மட்டும் கீழே ஒரு கோடு காலியாகக் கிடக்கிறது. பிள்ளை வாயைத் திறந்து படத்தைச் சொல்லிவிட்டால் ஜூன் மாதம் ரெண்டாம் வகுப்பு. சொல்லாவிட்டால் அந்தக் கோட்டில் வரதராசு கையெழுத்துப் போட்டு, டி.சி.யை வாங்கிக்கொண்டு, நாலாவது பள்ளிக்கூடம் தேட வேண்டும். ஆறே முக்கால் வயசுக்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. அஞ்சா, ஆறா? எண்ணிக்கை எங்கேயோ நழுவிவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து.

ஒன்று. தேஜு படத்தைப் பார்க்கிறாள். பார்க்கிறாள்தானே? இல்லை, கண்ணாடிக்கு அடியில் இருக்கிற பழைய ஆண்டுவிழா போட்டோவைப் பார்க்கிறாளோ? படத்தைப் பாரு கண்ணு, படத்தை. என்ன பெரிய படம், ஊரே பேசுகிற படம், வாயில்லாதவன்கூடச் சொல்லிவிடுவான். சைக்கிளிலிருந்து ஒரு பையன் விழுந்து கிடக்கிறான், ஒரு நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, ஒரு அம்மா நின்று சிரிக்கிறாள், வாழைப்பழ வண்டி சாய்ந்து பழமெல்லாம் தெருவில். வரதராசு கையில் மைக் இருந்தால் இதை வைத்து அரைமணி நேரம் ஓட்டுவான். அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே, இதோ உங்கள் கண்முன்னே, ஓடும் சைக்கிளிலிருந்து உருண்டு விழும் சிறுவன்! பதினாறு வருஷமாக அதுதான் தொழில். ஆட்டோ கூரையில் ரெண்டு கூம்பு ஸ்பீக்கர், பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர், மடியில் நோட்டீஸ். ஜவுளிக்கடை தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன கன்றுக்குட்டி, நாளைக்குக் கரண்ட் கிடையாது, எதுவானாலும் வரதராசு குரலில்தான் கோவில்பட்டிக்குத் தெரியவரும். பென்டிரைவில் பதிந்து போட்டுவிட்டு டிரைவர் மட்டும் சுற்றிவருகிற காலம் வந்த பிறகும், இவன் குரலுக்கென்று கூப்பிடுகிற கடைகள் இருக்கின்றன. அந்தத் தொழிலில் ஒரே பாவம், மைக்கில் காத்து விடுவது. ரெண்டு நொடி சத்தமில்லாமல் போனால் போதும், தெருவில் நிற்கிறவன், என்ன வரதராசு, பேட்டரி போச்சா என்பான். வாசகம் மறந்தால் வணக்கம் சொல்லு, வணக்கமும் மறந்தால் கடைப் பேரை மூன்று தடவை சொல்லு, காத்து மட்டும் விடாதே. இங்கே பார், எவ்வளவு காத்து. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் டிக் என்கிறது. வெளியே மைதானத்தில் யாரோ லெஃப்ட் ரைட் போடுகிறார்கள். இந்த அறைக்குள் மட்டும் பேட்டரி போய்விட்டது. டீக்கடைச் சுடலைமுத்து எல்லார் முன்னாலும் சொன்னான், “வீட்டுப் பேச்சு பூராத்தையும் நீரே தெருத்தெருவா பேசித் தீத்துட்டா, புள்ளைக்கு எங்கேருந்து வே மிஞ்சும்?” எல்லாரும் சிரித்தார்கள். வரதராசும் சிரித்தான். ஒரு வாரத்துக்கு டீக்கு வேறு கடைக்குப் போனான்.

ஆளுக்கொரு யோசனை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னவர்கள், தேன் வைக்கச் சொன்னவர்கள், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னவர்கள். வேண்டிக்கொண்டு மணியையும் கட்டியாயிற்று, ஐந்தரை கிலோ வெண்கலம், அது நன்றாகப் பேசுகிறது. செல்போனைக் கொடுத்துக் கெடுத்துட்டீங்க என்று சொல்லாத ஆள் இல்லை. அதைச் சொல்லும்போது அவர்கள் கையிலும் செல்போன். போதாததற்கு ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருக்கிறார், ஐந்து வயசு வரைக்கும் வாயே திறக்காமல் இருந்து, பிறகு திறந்தவர் மூடவே இல்லை, இன்றைக்கு மதுரையில் வக்கீல். இவ்வளவு ஊமைச் சித்தப்பாக்கள் வக்கீலானால் கோர்ட்டு தாங்குமா? தேஜு ஊமை இல்லை, அதையாவது யாராவது காதில் வாங்குகிறார்களா! பேசுகிறாள். பாதி வார்த்தை பேசுகிறாள், மீதிக்கு ‘அது’ என்கிறாள். குடையும் அது, இட்லிச் சட்டியும் அது, நேற்று வந்துவிட்டுப் போன மாமாவும் அது. எது என்றால் முகம் சுருங்கிவிடும். புத்தகத்தை எடு, பதினாறாம் பக்கம் திருப்பு, மூணாவது படத்துக்குக் கலர் பண்ணு என்று வகுப்பில் ஒரே மூச்சில் சொன்னால், கலர் மட்டும் அவளிடம் போய்ச் சேரும், கையில் கிடைத்ததற்குப் பண்ணிவிடுவாள். அடங்காதவள் என்று பெனிட்டா மிஸ் டைரியில் எழுதி அனுப்புவாள். அடங்காதவளா? ரெண்டு மணிநேரம் உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கி, கதவும் மாடிப்படியும் வைத்து வீடு கட்டுகிற பிள்ளை. காதைச் சோதிக்கக் கூட்டிப்போன அன்றைக்குக்கூட அப்படித்தான். காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்துக் கூடையில் போடச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப்புறம் வரதராசும் அவன் பெண்டாட்டி சுகுணாவும். போட்டாள், ஒவ்வொன்றாகப் போட்டாள், ஒரு கட்டை தப்பவில்லை. காது அருமையா இருக்குங்க என்று வெளியே வந்து சொன்னபோது சுகுணா கையெடுத்துக் கும்பிட்டாள். வரதராசுக்கு நெஞ்சு இற்றுப்போயிற்று. காதாக இருக்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை செவிடாக இருக்கட்டும் என்று ஒரு தகப்பன் வேண்டினான், காதுக்காவது மாட்ட மெஷின் இருக்கிறதே என்று. இதை சுகுணாவிடம்கூடச் சொன்னதில்லை. ஏழு, எட்டு. எப்போது ஏழுக்கு வந்தான் என்று தெரியவில்லை.

தேஜுவின் உதடு அசைகிறது. வருதா? இல்லை, எச்சில் விழுங்கினாள். ரிப்பன் நுனியைப் பிடித்துச் சுருட்டுகிறாள். பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது, திரும்பி மூடுகிற சத்தமும் கேட்டது. பொறுங்க மேடம். மேடத்தைச் சொல்லிக் குற்றமில்லை, கேள்வியைத் தமிழில் கேட்கிறாரே, அதுவே ஷமீமா எழுதிக் கொடுத்த கடுதாசியைப் பார்த்துத்தான். குற்றம் என்று பார்த்தால், முதல் குற்றவாளி இதோ கைமேல் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், மூணையும் போட்டுக் குழப்பினா பிள்ளை எதைத்தான் பேசும், ரெண்டை நிறுத்திருங்க என்று முந்தின பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் சொன்னார். சொன்னவர் சொல்லிவிட்டுப் போனார், கேட்டவனுக்கு எங்கே போயிற்று புத்தி? அன்றைக்குச் சாயங்காலமே தெலுங்கையும் தமிழையும் வீட்டிலிருந்து இறக்கிவிட்டான். இனிமே பாப்பாகிட்ட இங்கிலீஷ்தான் என்று சுகுணாவிடம் மைக்கில் சொல்வதுபோலச் சொன்னான். சுகுணா படித்தது எட்டாவது. அவளிடம் இருந்த இங்கிலீஷ் கம், கோ, ஈட், பாத், ஸ்லீப், நோ. இவனிடம் அதைவிட இருபது வார்த்தை கூட இருக்கலாம், அதில் பாதி கிராண்ட் ஓப்பனிங், ஸ்பெஷல் டிஸ்கவுண்ட். பதினோரு மாதம் அந்தப் பிள்ளை அந்த வார்த்தைகளுக்கு நடுவில் வாழ்ந்தது. தெலுங்கு சண்டைக்கு மட்டும் என்று ஆயிற்று. அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரெண்டு பேரும் அடித்தொண்டையில் தெலுங்கில் கடித்துக்கொள்வார்கள். கதவைத் திறந்தால் வெளியே தேஜு நின்றுகொண்டிருப்பாள். சண்டையைக் கேட்டு அழுகிற முகமாக இருக்காது, பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் முகம்போல இருக்கும். அது ஏன் என்று ஷமீமாவிடம் போய் உட்கார்ந்த அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்ல எந்தப் பாஷையில சார் கொஞ்சுவீங்க என்று அவள் சும்மாதான் கேட்டாள். கொஞ்சுறது இல்லீங்க, இங்கிலீஷ்ல கொஞ்ச வராதுங்க என்று வாயில் வந்துவிட்டது. ஷமீமா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். பாஷை கூடுனதால இது வரலை சார், நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலும் இவளுக்கு இது இருந்திருக்கும், சொல்லை எடுக்கிறதும் கோக்கிறதும் இவளுக்குக் கஷ்டம், புத்தியில குறை இல்லை, பழகப் பழக முன்னேறும், ஆனா ஒருநாள்ல காணாமப் போயிராது, முதல்ல உங்க பாஷையை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க. ஒரு தாளில் ‘மொழி வளர்ச்சிக் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை வாசித்துக்கொண்டே வந்தான். பேர் கிடைத்துவிட்டது என்று ஒரு நிம்மதி, பதினோரு மாதம் போச்சே என்று ஒரு ஆத்திரம், ரெண்டும் கயத்தாறு வரைக்கும் மாறி மாறி வந்தன.

அப்படியும் பாதகமில்லை, பேசாவிட்டால் போகட்டும், தீப்பெட்டி வீடு கட்டிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று சில நாள் நினைப்பான். அப்படி நினைக்கவிடாமல் டிசம்பர் மாதத்துச் சாயங்காலம் ஒன்று குறுக்கே வந்து நிற்கும். சட்டைக் கையைத் தூக்கினால் புஜத்தில் பல் பட்ட தடம், வட்டமாக, நீலம் பாரித்து. யாரு? “அது.” எது? யாரு கடிச்சா? “அவன்... இல்ல. நான்... அது.” யாருன்னு கேக்கிறேன்ல! கத்திவிட்டான். மைக் இல்லாமலே தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் நின்றால், உங்க பொண்ணு ஒரு பையனை அடிச்சிருக்கா சார், அதுக்காக ஒரு பீரியட் நிக்க வச்சோம் என்கிறார்கள். பையன் நடந்ததையெல்லாம் கோவையாகச் சொல்லிவிட்டான், அவனுக்கு வாய் இருக்கிறது. இவளைக் கேட்டபோது இவள் ‘அது’ என்றிருக்கிறாள். பக்கத்துப் பெஞ்சு அபர்ணா என்கிற குட்டிதான், அவ சாப்பாட்டு டப்பாவைப் புடுங்கினான் அங்கிள், அவன்தான் முதல்ல கடிச்சான் என்று வாசலில் வைத்துச் சொன்னாள். அந்த அபர்ணாவும் இல்லாத ஒரு பள்ளிக்கூடம். பத்து வயசு, பதினாலு வயசு, பஸ்ஸில் எவனாவது. வேண்டாம், அதை நினைக்காதே, எண்ணு. மூணு, நாலு. கண் தாளுக்குப் போகிறது. எழுத்தைக் கண்டால் குரல் போட்டு வாசிக்கிற கெட்ட பழக்கம், மண்டைக்குள் தானாக மைக் பிடித்துக்கொள்கிறது. எங்கள் மகளை எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி. யாருடைய விருப்பம்? இன்னொரு தடவை வாசித்தாலும் சொந்த விருப்பம்தான். காலையில் ஆட்டோவை எடுக்கும்போது சுகுணா சொன்னாள், “நான் வரலை, போன தடவை மாதிரி அழுதுருவேன். நீங்க போங்க. அங்கயும் போயி மைக்கைத் தூக்கிராதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்.” தூக்கவில்லை சுகுணா. வாய்க்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது மணிநேரம் பேசுகிறவனுக்கு ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் தெரியுமா உனக்கு?

எட்டு, ஒன்பது. கனகவல்லி மேடத்தின் கை தாளுக்கு வந்தது. சும்மா நேர்ப்படுத்தி வைக்கத்தான் வந்ததோ என்னவோ, விரல் நுனியால் தாளை அவன் பக்கமாக ஒரு அங்குலம் நகர்த்தியது. அந்த ஒரு அங்குலத்தில் எல்லாம் அறுந்துவிட்டது. “பையன் விழுந்துட்டான் மேடம்! அதைத்தான் பார்க்கிறா, அவளுக்குத் தெரியும், சைக்கிள்லேருந்து பையன் விழுந்து கிடக்கான், நாய் செருப்பைத் தூக்கிட்டு ஓடுது, அந்தம்மா நின்னு சிரிக்குது, வாழைப்பழ வண்டி சாஞ்சு கிடக்கு, சொல்லு கண்ணு, நாய்தானே அது, நாய்தானே, நேத்துக்கூடச் சொன்னியே...” நல்ல கனமான குரல், ஏற்ற இறக்கத்தோடு, அறையின் நாலு மூலைக்கும் போய் மோதியது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “சார்,” என்றார் மேடம், “நான் உங்களையா ரெண்டாம் வகுப்புல சேர்க்கப் போறேன்?” போச்சு. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டான், பிள்ளைக்கு என்று ஒரு வாழைப்பழம்கூட மிச்சம் வைக்கவில்லை. இதற்காகவா ஏழு மாதம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறியது? கையைத் தொடையடியிலிருந்து எடுத்தான், மரத்துப்போயிருந்தது, இந்தக் கையால்தான் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது தேஜு திரும்பினாள். புருவம் ரெண்டும் முட்டிக்கொண்டிருந்தன. அடுக்களையில் சுகுணாவின் முகத்தில் பார்த்திருக்கிறான், அதே எரிச்சல், சின்ன முகத்தில் அச்சாக. “நைனா,” என்றாள் வீட்டுத் தெலுங்கில், நிறுத்தி நிறுத்தி, “நீ பேசாத. தப்பா சொல்ற.”

என்ன தப்பு என்று கேட்க வந்ததை வரதராசு விழுங்கினான். தேஜு படத்தின் மேல் விரலை வைத்தாள். நாயின்மேல் வைத்தாள். “நாய்,” என்றாள் தமிழில். மின்விசிறி டிக் டிக். “நாய் செருப்பு எடு. அவன் செருப்பு.” விரல் பையனுக்கு நகர்ந்தது, நின்றது, உதடு ரெண்டு தடவை கூடிப் பிரிந்தது. “அவன் நாய் பார்த்து. ரோடு பாக்கல. அப்ப...” நின்றுவிட்டாள். சொல் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது, நடந்து வந்துகொண்டிருக்கிறது, அது வருகிற வழியில் விழுந்து படுத்துத் தடுக்காமல் இருக்க வரதராசு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “அப்ப விழு. வண்டில.” கனகவல்லி மேடம் முன்னால் குனிந்து படத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பையனின் ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. வரதராசும் எட்டிப் பார்த்தான். பையன் விழுந்ததை அவன் சொன்னான், நாய் ஓடுவதைச் சொன்னான், ஒன்றால்தான் இன்னொன்று என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. “இந்தப் படத்தை எத்தனையோ பிள்ளைங்ககிட்டக் காட்டியிருக்கேன்,” என்று ஆரம்பித்த மேடம் பாதியில் விட்டுவிட்டு, வேறு குரலில், “வார்த்தையெல்லாம் துண்டு துண்டா நிக்குது சார். நான் மறைச்சுப் பேச விரும்பலை. கிளாஸ்ல மத்த பிள்ளைங்க எங்கேயோ போயிட்டாங்க” என்றார். தெரியும் மேடம். “ரெண்டாம் கிளாஸ்ல போடுறேன். செப்டம்பர் வரைக்கும் பார்ப்போம். அந்த ட்ரெயினிங் அம்மாவை ஒரு நாள் வந்து பெனிட்டாகிட்டப் பேசச் சொல்லுங்க. அதுக்கு மேல இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது.” தாளை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். கிழிக்கவில்லை, போட்டார், அவ்வளவுதான். கிழிச்சுப் போட்டா என்னவாம், செப்டம்பரில் வேண்டுமென்றால் திரும்ப டைப் அடிக்க மாட்டார்களா? இருந்தாலும் மேஜை காலியாகிவிட்டது. காலை நீட்டி எழுந்து, கும்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாம், இன்னொரு வார்த்தை யாரும் பேசுவதற்குள்.

மேடம் மணியைத் தட்டினார். “அடுத்தவங்களை வரச் சொல்லு” என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு, அலமாரிச் சாவியோடு எழுந்தார். வாசலில் ஒரு அம்மாவும் அப்பாவும், இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு பையனும் ஏற்கெனவே பாதி உள்ளே. தேஜு எழுந்திருக்கவில்லை. அவளுடைய விரல் நாயை விட்டு, பையனை விட்டு, சிரிக்கிற அம்மாவின்மேல் போய் நின்றிருந்தது. புருவம் இன்னும் இறங்கவில்லை. “இவங்க,” என்றாள். அதற்குமேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. “சரி பாப்பா, வெரி குட், போதும், அப்பாகூடக் கிளம்பு” என்று மேடம் படத்தை எடுக்கக் கை நீட்டினார். வரதராசுக்குச் சுருக்கென்று ஏறியது. இவ்வளவு நேரம் பேசு பேசு என்று பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, இப்போதுதான் அவளுக்கு ஒன்று வரப்போகிறது, அதற்குள் அடுத்த ஆள். எல்லாருக்கும் அவசரம். டீக்கடைக்காரனுக்கு அவசரம், பெனிட்டாவுக்கு அவசரம், சித்தப்பாக்களுக்கு அவசரம், எல்லாரையும்விட அவனுக்கு. படத்தின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். “மேடம்,” என்றான், தணிவாக, தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. “அவ இன்னும் முடிக்கலை.” “அதான் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டேனே சார். ஆள் நிக்கிறாங்க.” “சொன்னீங்க மேடம், ரொம்ப நன்றி. அது உங்களுக்குப் போதும். அவ இன்னும் சொல்லி முடிக்கலை.” வாசலில் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார். ஆயா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தேஜு யாரையும் பார்க்கவில்லை, சிரிக்கிற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகவல்லி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.